எண்களின் தடம் – 17: சோழிகள் சொன்ன கிரகணம்

2 முதல் எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும். இதற்கு ராமானுஜன் 1919-இல் எழுதிய சிறிய நிரூபணத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். ராமானுஜனின் கும்பகோணத்தை விட்டு இந்த வாரம் கடற்கரை ஓரமாக வடக்கே வருவோம். கடலூரைத் தாண்டியதும் பாகூர். அங்கிருந்து சிறிது தூரத்தில் வில்லியனூர். புதுச்சேரியின் இந்த இரண்டு கொம்யூன்களும் நெல்லுக்கும் கரும்புக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் பேர்போனவை. எண்களின் வரலாற்றிலும் இந்த மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பாகூர் ஏட்டில் ஒரு கல்லூரி

1879-இல் பாகூரில் செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 9-ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த ‘வித்யாஸ்தானம்’ என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. அந்த ஊர்களின் வருவாயில் ஆசிரியரும் மாணவரும் வாழ்ந்தார்கள். அங்கே பயின்றது பதினான்கு வகைக் கல்வி. வேதம் நான்கு, அதன் அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் என்று அந்தப் பதினான்கையும் மரபு எண்ணும். ஆறு அங்கங்களில் ஒன்று சோதிடம். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் வானக் கணக்கு. திதி எப்போது முடிகிறது, கிரகணம் எப்போது பிடிக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கலை அது.

ஆக, பாகூர் ஏரிக்கரையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வானக் கணக்குக்கும் சோறு போடப்பட்டிருக்கிறது. அந்தக் கல்விச்சாலை இன்று இல்லை. அந்தக் கலை மட்டும் இந்தப் பகுதியில் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பங்களின் நினைவில் தொடர்ந்து வாழ்ந்தது. அதைக் கண்டு வியந்து எழுதி வைத்தவர்கள் கடல் கடந்து வந்த இரண்டு பேர்.

மேகம் கெடுத்த ஒரு காலை

முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தீ. சூரியனைச் சுக்கிரன் கடக்கும் அரிய காட்சியை அளக்கத்தான் அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1761-இல் முதல் வாய்ப்பு. அந்த ஆண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததால் அவரால் கரையிறங்க முடியவில்லை. கடக்கும் நாளில் நடுக்கடலில் இருந்தார். எட்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த கடப்புக்காகக் காத்திருந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 சூன் 4 விடியலில் மேகம் சூரியனை மூடியது. கடப்பு முடிந்த பிறகுதான் வானம் வெளுத்தது.

இந்தத் துயரக் கதையை உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் காத்திருந்த மாதங்களில் அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். இங்குள்ள தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வில்லியனூர்க் கோயிலைப் பற்றியும் தம் பயண நூலில் எழுதினார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணக்கிட்டபோது விடை 41 விநாடி குறைந்தது. அப்போது ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகக் கருதப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணையில் 68 விநாடி கூடியது. லெ ஜான்தீ இதை மறைக்காமல் எழுதினார். 1779-இல் அவருடைய நூல் பாரிசில் அச்சேறியது. எட்டு ஆண்டு கழித்து, பாயி என்ற அறிஞர் இந்திய வானியலைப் பற்றி ஒரு தனிநூலே எழுதினார்.

தரையில் விரிந்த கணக்கு

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வான் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை 1805 முதல் 1811 வரை வகித்தவர். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830-இல் இங்கேயே மறைந்தார். தென்னிந்தியக் காலக் கணக்கு முறைகளைத் தொகுத்து ‘கால சங்கலித’ என்ற பெருநூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார்.

அந்த நூலில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் வருகிறார். வாரன் எழுதியுள்ள ஆங்கில எழுத்துகளைச் ‘சாமிநாதன் சேஷையா’ என்று நாம் படிக்கலாம். 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி வாரன் அவரைக் கேட்டார். சேஷையா ஏடு எடுக்கவில்லை, எழுத்தாணி எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக இருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளைக் கூட்டியும் விலக்கியும் வைத்துக்கொண்டே போனார். கடைசியில் கிரகணம் பிடிக்கும் நேரம், நடு நேரம், விடும் நேரம் மூன்றையும் சொன்னார். பிடிக்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23, விடும் நேரத்தில் 52 நிமிடம்.

சேஷையாவுக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, அபாரமான நினைவாற்றல் மட்டும் உண்டு என்று வாரன் எழுதினார். அந்தத் தீர்ப்பை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சோழிகளுக்கு அடியில் என்ன கணிதம் இருந்தது என்று பார்த்துவிட்டு நாமே தீர்ப்புச் சொல்லலாம்.

நான்கு எண்கள், நான்கு பெயர்கள்

நிலவின் இடத்தைக் கணிக்க சேஷையா போன்றவர்கள் நான்கு எண்களை மனத்தில் வைத்திருந்தார்கள். வேதம் என்றால் 16,00,984. ரசகெரிகை என்றால் 12,372. காலநிலம் என்றால் 3,031. தேவரம் என்றால் 248.

இந்தப் பெயர்களில் வேதம் தவிர மற்ற மூன்றும் தாமே எண்கள். ‘கடபயாதி’ என்ற முறையில் கிரந்த எழுத்து வரிசையின் ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். தேவரத்தில் தே என்பது 8, வ என்பது 4, ர என்பது 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. காலநிலத்தில் க 1, ல 3, ந 0, ல 3. திருப்பிப் படித்தால் 3031. எண்ணை மறந்தாலும் சொல்லை மறக்க மாட்டோம் அல்லவா? இப்படி எண்களைச் சுமக்கும் சொற்களும் தொடர்களுமே ‘வாக்கியம்’ எனப்பட்டன. நம் வீடுகளில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், ஒரு நாளுக்கு ஒன்றாக.

சேஷையாவின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கலியுகம் தொடங்கியதிலிருந்து 1825 மே 31 காலை வரை கழிந்த நாட்கள் 17,99,312. இதில் வேதத்தைக் கழிக்க மிச்சம் 1,98,328. அதற்குள் 12,372 பதினாறு முறை அடங்கும், மிச்சம் 376. அதற்குள் 3,031 ஒரு முறைகூட அடங்காது. 248 ஒரு முறை அடங்கும், மிச்சம் 128. ஆகவே அன்றைய நிலவுக்கு உரியது 128-ஆம் வாக்கியம். அது தரும் அளவோடு வேதம் ஒன்றுக்கும், ரசகெரிகை பதினாறுக்கும், தேவரம் ஒன்றுக்கும் உரிய நகர்வுகளைக் கூட்டினால் காலைச் சூரிய உதயத்தில் நிலவு நின்ற இடம் கிடைத்துவிடும். ஒரு தேவரத்துக்கு நிலவு, முழுச் சுற்றுகள் போக, 27 பாகை 44 கலை முன்னே போயிருக்கும். பதினெட்டு லட்சம் நாட்களைக் கைப்பிடிச் சோழிகளில் அடக்கிய வித்தை இது.

வேதம் என்ற முதல் எண் இந்த அட்டவணையின் தொடக்க நாள். கலி பிறந்து 16,00,984 நாள் கழிந்தது கி.பி. 1282 மே மாதத்தில். சேஷையா கையாண்டது 543 ஆண்டுப் பழமையான அட்டவணை. அத்தனை நூற்றாண்டு கழித்தும் பிடிக்கும் நேரம் 4 நிமிடத்துக்குள் வந்தது. விடும் நேரம் 52 நிமிடம் தவறியதும் உண்மைதான். அட்டவணையை அவ்வப்போது வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தியாக வேண்டும் என்பதே அந்தப் பிழை சொல்லும் பாடம்.

பகாத் தன்மை எங்கே வருகிறது?

248, 3031, 12372 ஆகிய எண்களை யார் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள்? நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவான இடத்திலிருந்து கிளம்பி மீண்டும் அத்தகைய இடத்துக்கு வர ஏறக்குறைய 27.55455 நாள் ஆகிறது. அதன் வேகம் கூடுவதும் குறைவதும் இந்தச் சுழற்சியைப் பொறுத்தது. முழு நாளில் முடியாத இந்தச் சுழற்சி, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை முழு நாள் எண்ணிக்கைக்கு மிக அருகில் வரும்? அதுதான் கேள்வி.

9 சுற்றுக்கு 248 நாள். 110 சுற்றுக்கு 3,031 நாள். 449 சுற்றுக்கு 12,372 நாள். காலநிலத்தின்படி ஒரு சுற்றின் அளவு 3031-ஐ 110-ஆல் வகுத்த ஈவு. அதற்கும் இன்றைய அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு அரை விநாடிக்கும் குறைவு.

இந்த எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைப் பாருங்கள். 248-ஐ 12-ஆல் பெருக்கி, 2 சுற்றுக்கு உரிய 55 நாளைக் கூட்டினால் 3031. அந்த 3031-ஐ 4-ஆல் பெருக்கி 248-ஐக் கூட்டினால் 12372. சுற்றுகளும் அப்படியே: 9-ஐ 12-ஆல் பெருக்கி 2 கூட்டினால் 110, 110-ஐ 4-ஆல் பெருக்கி 9 கூட்டினால் 449. பெரிய எண்ணைச் சிறியதால் வகுப்பது, மிச்சத்தால் மறுபடி சிறியதை வகுப்பது என்று போகும் முறையின் விளைவு இது. இதே தொடர்வகுத்தலை 499-இல் ஆரியபடர் தம் நூலில் கையாண்டார். பிற்காலத்தார் அதைக் ‘குட்டகம்’ என்றார்கள். பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்ணை வகுத்து வகுத்துப் பொடியாக்குகிறோம் அல்லவா?

இன்னொரு சோதனை. 248-ஐயும் 110-ஐயும் பெருக்குங்கள்: 27,280. 3031-ஐயும் 9-ஐயும் பெருக்குங்கள்: 27,279. வேறுபாடு ஒன்றே ஒன்று. அடுத்த இணைக்கும் அப்படியே: 12372-ஐ 110-ஆல் பெருக்க 13,60,920, 3031-ஐ 449-ஆல் பெருக்க 13,60,919. இங்கும் ஒன்றுதான். வேறுபாடு ஒன்றாக இருந்தால் இரண்டு உண்மைகள் தாமே வந்துவிடும். முதலாவது, 248-க்கும் 9-க்கும், 3031-க்கும் 110-க்கும், 12372-க்கும் 449-க்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் கிடையாது. இப்படிப்பட்ட இணைகளைச் சார்பகா எண்கள் என்கிறோம். இரண்டாவது, 248-இன் கீழ் 9 என்ற பின்னத்துக்கும் 3031-இன் கீழ் 110 என்ற பின்னத்துக்கும் நடுவே வேறொரு பின்னம் நுழைய வேண்டுமானால் அதன் கீழெண் குறைந்தது 119 ஆக இருக்க வேண்டும். அதற்குச் சிறிய எண்ணைக் கொண்டு இவற்றை யாராலும் மேம்படுத்த முடியாது.

பொது வகுஎண் இல்லாததால் என்ன பயன் என்று பாகூர்க் கரும்பு விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. ஆலையில் ஒரு பல்சக்கரத்துக்கு 12 பல், மற்றதற்கு 18 பல் என்றால் ஒரே பற்கள் மறுபடி மறுபடி மோதித் தேயும். 18-ஐ 19 ஆக்கினால், ஒரு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் மற்றதன் எல்லாப் பல்லையும் சந்தித்த பிறகே பழைய இணை திரும்பும். 19 பகா எண். 12-ஓடு அதற்கு ஒட்டு உறவு இல்லை. வானத்துச் சக்கரங்களும் அப்படித்தான். 449 ஒரு பகா எண். காலநிலத்தைப் பிரித்தால் 7-உம் 433-உம். ரசகெரிகையைப் பிரித்தால் 4, 3, 1031. இவற்றில் 433-உம் 1031-உம் பகா எண்கள்.

மனிதன் வகுத்ததும் வானம் தந்ததும்

ஒரு சதுர்யுகத்துக்கு 43,20,000 ஆண்டு என்று மரபு சொல்லும். அதைக் காரணிப்படுத்தினால் 2, 3, 5 என்ற மூன்று பகா எண்களே திரும்பத் திரும்ப வரும்: 2 எட்டு முறை, 3 மூன்று முறை, 5 நான்கு முறை. மனிதன் தன் வசதிக்காக வகுத்த எண் அது; பல எண்களால் மிச்சமின்றி எளிதில் பிரியும்.

அந்த யுகத்துக்கு ஆரியபடர் தரும் நாட்கள் 157,79,17,500. இந்த எண்ணையும் பிரித்துப் பார்த்தேன். 2, 3, 5 எல்லாம் உதிர்ந்த பிறகு இரண்டு பகா எண்கள் நிற்கின்றன: 61, 3449. வானத்தை அளந்து வந்த எண்ணில் இப்படிப் பிடிவாதமான பகா எண்கள் தங்கிவிடுகின்றன. ஆண்டுகளின் எண்ணிக்கையில் இவற்றுக்கு இணை இல்லாததால் சுருக்க முடிவது ஓரளவுக்குத்தான்: 576 ஆண்டுக்கு 2,10,389 நாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்பது இதே அளவுதான்.

இதன் விளைவு நம் எல்லார் வீட்டையும் தொடுகிறது. சித்திரை பிறக்கும் நேரம், ஒரு நாளின் அதே நாழிகை, அதே விநாழிகை, அதே தற்பரையில் மறுபடி அமைய 576 ஆண்டு ஆகும். கிழமையும் ஒன்றாக வேண்டுமென்றால் 4,032 ஆண்டு. 61-உம் 3449-உம் போடும் பூட்டு அது.

பூட்டு என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். வில்லியனூர்க் கடைவீதியில் ஒருவர் கைப்பேசியில் வங்கித் தளத்தைத் திறக்கும்போது, அந்தத் தளம் உண்மையானதுதானா என்பதைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் முறைகளில் ஒன்று பெரிய பகா எண்களை நம்பியிருக்கிறது. 300 இலக்கத்துக்கும் மேற்பட்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைப்பது 617 இலக்க எண். பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது இன்றைய கணினிகளுக்கும் எட்டாதது. அந்தப் பூட்டுக்குச் சாவி செய்யும்போது ஒரு தொடர்வகுத்தல் தேவைப்படுகிறது. ஆரியபடரின் குட்டகம் செய்யும் வேலையும் அதுதான்.

ஓர் எண் பகா எண்தானா என்பதை அளவான படிகளில் ஐயமின்றிச் சோதித்துவிடும் முறையை 2002-இல் கண்டவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டறிந்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது அது. பாகூரின் வித்யாஸ்தானத்திலிருந்து அங்கே வரை நீளும் பாதை ஒன்றுதான்: எண்ணைப் பிரிக்க முயல்வது, பிரியாத இடத்தில் நின்று யோசிப்பது.

தீர்ப்பு

248-உம் 3031-உம் நம் பகுதியில் மட்டும் வழங்கியவை என்று சொல்ல மாட்டேன். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரரின் நூலில் இவை இருக்கின்றன. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் இருக்கின்றன. 248-இன் வேர் பாபிலோன் வரை போகிறது. 1952-இல் ஓட்டோ நாய்கபௌவர் தமிழர் வானியலைப் பற்றி எழுதிய ஆய்வில், வாரன் பதிந்து வைத்த புதுச்சேரிக் கணக்கை இந்தப் பழைய மரபுகளோடு சேர்த்து வைத்துக் காட்டினார். பாபிலோனில் களிமண் பலகைகள் மண்ணில் புதைந்தன. எகிப்தில் பாப்பிரஸ் கிழிந்தது. அதே எண்களை 1825-இல் ஒரு மனிதர் புதுச்சேரியில் தரையில் உட்கார்ந்து புழங்கிக்கொண்டிருந்தார்.

சேஷையாவுக்குக் கோட்பாடு தெரிந்திருக்காது. அதில் அவருக்கு இழிவு ஏதுமில்லை. இன்று கைப்பேசியில் பணம் அனுப்பும் நம்மில் எத்தனை பேருக்குப் பகா எண்ணின் கோட்பாடு தெரியும்? கோட்பாட்டை ஒரு தலைமுறை கண்டுபிடித்தது. அதன் விளைவைப் பிழையில்லாமல் இருபது தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் பஞ்சாங்கக் கணிதர்கள். ஓர் எழுத்து பிசகினால் ஓர் இலக்கம் பிசகும். ஓர் இலக்கம் பிசகினால் கிரகணம் தவறும். அப்படித் தவறாமல் காத்ததும் கணிதத் தொண்டுதான். இது என் தீர்ப்பு.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் தேரை வைகாசிப் பெருவிழாவில் இன்றும் ஊர் கூடி இழுக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. விழாவின் நாளைக் குறிப்பது பஞ்சாங்கம். சேஷையா கணித்த கிரகணமும் வைகாசிப் பௌர்ணமியில்தான் வந்தது.

வில்லியனூர், பாகூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பஞ்சாங்கம் கணித்தவராக இருந்தால், பரணில் ஓர் ஏட்டுக்கட்டோ கையெழுத்து நோட்டோ கிடக்கலாம். பொருள் விளங்காத சொற்கள் வரிசையாக இருந்தால் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சொற்கள் எண்களாக இருக்கக்கூடும். 1955 முதல் இயங்கிவரும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்கிறார்கள். அங்கே கொண்டு போய்க் காட்டுங்கள். ஏட்டைக் காட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து, அந்தச் சொற்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள்.

(தொடரும்)